பழைய வால்வு டிரான்ஸ்மிட்டரில் கருகிய ரெசிஸ்டரை மாற்றுவது எப்படி?

பழைய ஹாம் (அமெச்சூர் ரேடியோ) டிரான்ஸ்மிட்டரைத் திறந்தால் ஒரு ரெசிஸ்டர் கருகிக் கிடக்கிறதா? உடனே புதிதைப் போட்டுவிடாதீர்கள். ரெசிஸ்டர் சும்மா கருகாது. அதை எரித்த கோளாறு அங்கேயே இருந்தால் புதியதும் புகைந்துவிடும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் சப்ளை கெப்பாசிட்டர்களில் 600, 700 வோல்ட் தேங்கியிருக்கலாம்; உயிரையே எடுத்துவிடும். அதை வடிக்கத்தான் ப்ளீடர் ரெசிஸ்டர் இருக்கிறது. ஆனால் கருகியதே அதுவாக இருந்தால்? எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நம்ப முடியாது. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் ஒரு முனையைச் சேஸிஸில், அதாவது உலோகச் சட்டத்தில், கிளிப் போடுங்கள். மறுமுனையை நீளமான இன்சுலேட்டட் குச்சியில் கட்டி, ஒவ்வொரு கெப்பாசிட்டரின் பாசிட்டிவிலும் சில நொடிகள் தொட வையுங்கள். மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும்.

அடுத்து மதிப்பு. வெந்துபோன வண்ணப் பட்டைகளை நம்பாதீர்கள். சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்றால் 22 கிலோ ஓம். அந்த ஆரஞ்சு சூட்டில் பழுப்பாகியிருந்தால் கண்ணுக்கு வெறும் 220 ஓம்! சர்க்யூட் படத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

இனி குற்றவாளி. ஸ்கிரீன் ரெசிஸ்டர் (வால்வுக்குள் இருக்கும் ஸ்கிரீன் கிரிட்டுக்கு வோல்ட் கொடுப்பது) கருகியிருந்தால், ஸ்கிரீனிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பைபாஸ் கெப்பாசிட்டர் மேல்தான் என் முதல் சந்தேகம். அதன் ஒரு காலைக் கழற்றி மீட்டரில் ஓம் பாருங்கள். பழைய பேப்பர் கெப்பாசிட்டர் என்றால் மீட்டர் நல்லதென்று காட்டினாலும் மாற்றிவிடுங்கள். அதிக வோல்ட்டில் மட்டும் கசிவது அதன் குணம். வால்வின் பிளேட் (ஆனோடு) கிளிப் கழன்றிருந்தாலும் ஸ்கிரீன் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கும், அதையும் பாருங்கள்.

வாட் கணக்கு எளிது. சப்ளை 600 வோல்ட், ஸ்கிரீனுக்கு 180 என்றால் ரெசிஸ்டரில் விழுவது 420. கரண்ட் 10 மில்லியாம்ப் என்றால் 42 கிலோ ஓம், 4.2 வாட். அங்கே 10 வாட் போட்டால் நிம்மதி. ரெசிஸ்டர் தாங்கும் வோல்ட் அளவும் முக்கியம்; போதாவிட்டால் இரண்டைத் தொடராக இணையுங்கள். ஆனால் ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை கரண்ட்) ஓடும் இடத்தில் கம்பி சுற்றிய வயர்வவுண்ட் ரெசிஸ்டர் வேண்டாம், அது காயில் போல நடந்துகொள்ளும்.

பழைய கால்களை வெட்டிவிட்டு, முனையைச் சூடாக்கி மிச்சத்தை மெதுவாக உருவுங்கள். இழுத்தால் வால்வு சாக்கெட்டின் முனை உடையும். புதியதைச் சேஸிஸிலிருந்து சற்றுத் தள்ளி சால்டர் செய்யுங்கள்.

சரி, இப்போது ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை மாட்டி, மெயின்ஸில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே ஆஃப் செய்துவிட்டு, சார்ஜை வடித்து, அந்த ஷார்ட்டை மறுபடி தேடுங்கள்.