பூண்டும் லபெத்தும் சாப்பிடுகிற ஊரில் வாய் நாற்றத்தைத் தடுப்பது எப்படி?

யாங்கோனில் சாப்பாடு முடிந்ததும் தட்டில் லபெத்து வந்துவிடும். புளித்த தேயிலை, வறுத்த பருப்பு, பொரித்த பூண்டு. சிலர் பச்சைப் பூண்டையும் சேர்த்துக் கடிப்பார்கள். அதற்கு முன்னால் சோற்றோடு ஙாப்பி என்கிற புளித்த மீன் விழுது வேறு. இதையெல்லாம் விடச் சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள். பூண்டு வாடை ரத்தத்தில் கலந்து மூச்சில் வருவது. எவ்வளவு பல் தேய்த்தாலும் அது உடனே போகாது. பூண்டோடு புதினாவோ ஆப்பிள் துண்டோ கொஞ்சம் பாலோ சேர்த்துக்கொண்டால் ஓரளவு குறையும், அவ்வளவுதான்.

பூண்டு தொடாத நாளிலும் வாய் நாறினால்தான் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் காரணம் வயிறு அல்ல, வாய்தான். நாக்கின் பின்பக்கத்திலும் பல் இடுக்கிலும் காற்றுப் படாமல் வாழும் கிருமிகள் உணவுத் துணுக்குகளைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுகின்றன.

முதலில் ஒரு சோதனை. உள்ளங்கையில் ஊதிப் பார்ப்பது சரிவராது, சொந்த வாடைக்கு மூக்கு பழகிப் போயிருக்கும். காலையில் பல் தேய்க்கும் முன் ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து நாக்கின் பின்பகுதியை மெல்ல வழியுங்கள். மஞ்சளாகக் கொழகொழவென்று படிவது தெரியும். அரை நிமிடம் கழித்து மோந்து பாருங்கள்.

அடுத்து, அந்தப் படிவை எடுக்க வேண்டும். நாக்கு வழிப்பானை எட்டுகிற வரை உள்ளே வைத்து, முன்பக்கமாக மட்டும் இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் கழுவுங்கள். நாலைந்து முறை போதும். பலர் நாக்கு நுனியை மட்டும் வழித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நாற்றம் பின்னால்தான் இருக்கிறது. குமட்டினால் மூச்சை வெளியே விட்டபடி இழுங்கள், சில நாளில் பழகிவிடும். ரத்தம் வருகிற அளவுக்கு அழுத்த வேண்டாம்.

பல் தேய்ப்பது காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. ஒன்றை விட்டே ஆக வேண்டுமென்றால் காலையை விடுங்கள், இரவை விடாதீர்கள். தூங்கும்போது உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு அதுதான் கொண்டாட்ட நேரம். மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பற்பசை, 2 நிமிடம். பிரஷை 45 டிகிரி சாய்த்து ஈறும் பல்லும் சேரும் கோட்டில் வைத்துச் சின்னச் சின்னதாக அசையுங்கள். 3 மாதத்துக்கு ஒரு முறை பிரஷை மாற்றுங்கள்.

பிரஷ் நுழையாத இடுக்குக்கு ஃப்ளாஸ் நூல். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஓட்டி எடுத்த நூலை மோந்து பார்த்தால், அப்புறம் இந்த வேலையை நீங்களே விடமாட்டீர்கள்.

வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய் மணக்கத்தானே போடுகிறோம் என்பார்கள். சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்த சுருளை மணிக்கணக்கில் கன்னத்தில் அடக்கினால் பல்லில் கறையும் காரையும் ஏறும், ஈறு கெடும், நாற்றம் கூடும். நாற்றமாவது போகட்டும், புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. விட முடியாவிட்டால் குறைத்தாவது பாருங்கள். இரவில் வாயில் அடக்கியபடி மட்டும் தூங்காதீர்கள்.

மற்றபடி, வாய் காயாமல் தண்ணீர் குடியுங்கள். பல்செட் வைத்திருந்தால் இரவில் கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் போடுங்கள். மவுத்வாஷ் வாங்கினால் ஆல்கஹால் இல்லாததாகப் பாருங்கள். அது நாற்றத்தைச் சற்று நேரம் மூடும், படிவை எடுக்காது.

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நாற்றம் போகவில்லை, அல்லது தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்றால் பல் டாக்டரிடம் போய்க் காரை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்குப் போடுகிறவருக்கு வாய் முழுதாகத் திறக்காவிட்டாலோ, கன்னத்தின் உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடிப்பு தெரிந்தாலோ அந்த வாரமே காட்டிவிட வேண்டும்.