அச்சுக்குக் கோப்பு தயாரித்தல்: கருப்பு எழுத்து ஒரே பிளேட்டில் நிற்கட்டும்

திரையில் கருப்பு என்றால் கருப்புதான். ஆப்செட் அச்சில் ஒவ்வொரு மைக்கும் தனி பிளேட் (அச்சுத் தகடு) உண்டு; கருப்பு ஒரு பிளேட்டிலும் வரலாம், நான்கிலும் வரலாம். அச்சான பக்கத்தில் எழுத்து மங்கலாகி, ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்த்தால், இயந்திரத்தைக் குறை சொல்லும் முன் கோப்பைத் திறந்து பாருங்கள்.

ஆர்ஜிபியில் (திரையின் சிவப்பு, பச்சை, நீல முறை) 0, 0, 0 என்று இருக்கும் கருப்பை, போட்டோஷாப்பின் வட அமெரிக்க அமைப்பில் சிஎம்ஒய்கேவாக (அச்சின் நான்கு மை முறை) மாற்றினால் ஏறத்தாழ சயான் (பச்சை கலந்த நீலம்) 75, மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) 68, மஞ்சள் 67, கருப்பு 90 சதவீதம் என்று பிரியும். பத்துப் புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து ஒவ்வொன்றும் நான்கு முறை ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். தாள் ஈரத்தில் இம்மியளவு விரிந்தாலே போதும், பிசிறு தெரிந்துவிடும். அதனால் உரைக்கு சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் 0, கருப்பு மட்டும் 100. வேர்டில் தட்டிய உரையை அங்கிருந்தே பிடிஎஃப் ஆக்காமல், இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குக் கொண்டுவந்து நிறத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்வாட்ச் (நிற மாதிரி) பட்டியலில் உள்ள 'ரெஜிஸ்ட்ரேஷன்' நிறமும் கருப்பாகவே தெரியும். அது எல்லா பிளேட்டிலும் 100, வெட்டுக்குறி போன்ற அச்சுக்குறிகளுக்கு மட்டுமே உரியது.

சோதிப்பது எளிது. அக்ரோபேட் புரோவில் 'அவுட்புட் பிரிவியூ' திறந்து கருப்பு பிளேட்டை மட்டும் அணையுங்கள். உரை முழுவதும் மறைய வேண்டும். சாம்பல் நிழலாக மிச்சம் நின்றால் அந்த எழுத்தில் மற்ற மைகள் கலந்திருக்கின்றன.

வண்ணப் பின்னணியின் மேல் வரும் கருப்பு உரை 'ஓவர்பிரிண்ட்' ஆகட்டும், அதாவது அடியிலுள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகட்டும். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கீற்று வராது. வெள்ளை எழுத்துக்கு அதே அமைப்பு தப்பித் தவறி ஒட்டிக்கொண்டால், அச்சில் எழுத்தே இருக்காது. கருப்பு எழுத்தின் நிறத்தைப் பிறகு வெள்ளையாக மாற்றும்போது இது அடிக்கடி நேர்கிறது.

பெரிய கருப்புப் பரப்பு வேறு விஷயம். அங்கே கருப்பு 100 மட்டும் போட்டால் வெளிறித் தெரியும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 என்று கலந்தால் ஆழம் கிடைக்கும். ஆனால் அந்தப் பரப்பில் சிறிய வெள்ளை எழுத்து வைக்காதீர்கள். தமிழ் எழுத்துக்குச் சுழிகள் அதிகம்: ண, ஊ, இ போன்றவற்றின் உட்குழியை மை அடைத்துவிடும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். புள்ளி போனால் 'கல்' 'கல' ஆகிவிடும். வெள்ளை எழுத்து பத்துப் பாயின்ட் அளவுக்குக் குறையாமல், சற்றுத் தடித்ததாக இருக்கட்டும். அதைவிடச் சிறிதாகத்தான் வேண்டுமென்றால் பின்னணியைக் கருப்பு மை ஒன்றோடு நிறுத்துங்கள்.

நான்கு மைகளின் கூட்டுத்தொகைக்கும் வரம்பு உண்டு. பூச்சுத் தாளுக்கு 300 சதவீதம், செய்தித்தாளுக்கு 240 என்பது வழக்கமான அளவு. பூச்சில்லாத் தாளுக்கு அச்சகத்தைக் கேளுங்கள். மீறினால் மை காயாது, அடுக்கில் மேலே விழும் தாளின் பின்புறத்தில் ஒட்டும்.

தமிழ் உரையை இன்டிசைனில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' (இந்திய மொழி எழுத்துகளைச் சரியாக அடுக்கும் அமைப்பு) இல்லாமல் அடுக்கினால் கொ, கோ, கௌ எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நிற்கும். பழைய குறியாக்க எழுத்துருவில் உள்ள உரையை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகு ஒரு முறை மெய்ப்புப் பாருங்கள். மாற்றத்தில் எழுத்துப் பிழை நுழைவது வாடிக்கை. எழுத்துரு பிடிஎஃபில் பதிந்திருக்க வேண்டும். எழுத்தை வடிவமாக (அவுட்லைன்) மாற்றுவது கடைசி வழி; பிறகு உரையைத் திருத்த முடியாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியே வையுங்கள். தடித்த வகை இல்லாத எழுத்துருவுக்குக் கோடு சுற்றித் தடிப்பாக்குவது கூடவே கூடாது, சுழிகள் அடைந்துபோகும்.

உரையைப் போட்டோஷாப்பில் தட்டிப் படமாகச் சேமிக்காதீர்கள். 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 படப்புள்ளி) நிழற்படத்துக்குப் போதும். எழுத்தின் விளிம்புக்குப் போதாது. சின்ன எழுத்தை வெளிர் சாம்பலில் வைப்பதும் இதே சிக்கல்தான்: சாம்பல் என்பது கருப்புப் புள்ளிகளின் கூட்டம், எழுத்தின் விளிம்பு பல்பல்லாக உடையும்.

நிறங்களில் அதிகம் ஏமாற்றுவது நீலம். சயான் 100, மெஜந்தா 100 கொடுத்தால் ஊதாவாகத்தான் வரும். மெஜந்தாவை 70க்குக் கீழே இறக்குங்கள். திரையில் ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும் நான்கு மைகளில் கிடைக்காது. பிராண்டு நிறம் துல்லியமாக வேண்டுமென்றால் பேன்டோன் மையை (முன்பே கலந்த தனி நிற மை) ஐந்தாவது பிளேட்டாகக் கேளுங்கள்; வேண்டாமென்றால் கோப்பில் அந்த ஸ்வாட்சை நான்கு வண்ணமாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தேவையில்லாத பிளேட் ஒன்று கூடும்.

பிளீட் (வெட்டு ஓரத்துக்கு வெளியே நீட்டும் பின்னணி) நான்கு பக்கமும் 3 மிமீ, உரை வெட்டு ஓரத்திலிருந்து 5 மிமீ உள்ளே. அச்சுக்கான பிடிஎஃப் வகைகளில் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ வேண்டுமா, எக்ஸ்-4 வேண்டுமா, எந்த வண்ண புரொஃபைல் (அச்சுக்கும் தாளுக்கும் ஏற்ற நிற அமைப்பு) என்பதை வேலை தொடங்கும்போதே அச்சகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் ஒரு பக்கத்தை லேசர் பிரிண்டரில் 100 சதவீத அளவில் எடுங்கள். நிறத்தை அதில் நம்ப வேண்டாம். கொம்பும் புள்ளியும் சரியாக நிற்கின்றனவா, எழுத்து படிக்கும் அளவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.