வீட்டிலேயே சபீஹ்: எண்ணெய் குடிக்காத கத்திரிக்காயோடு

வாராந்திர ஓய்வு நாளான சப்பாத்தில், அதாவது சனிக்கிழமையில், மத நெறியைக் கடைப்பிடிக்கும் யூதர்கள் அடுப்பு மூட்டிச் சமைப்பதில்லை. அதனால் ஈராக் யூதர்கள் முந்தைய நாளே கத்திரிக்காயைப் பொரித்து, முட்டையை வேகவைத்து, காலையில் ஆறியபடியே சாப்பிடுவார்கள். 1950-51இல் அவர்களில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் காலை உணவும் கூடவே போனது. டெல் அவீவுக்குப் பக்கத்து ஊரான ராமத் கானில் அது பை மாதிரி உள்ளே திறக்கும் பீட்டா ரொட்டிக்குள் புகுந்து தெருக்கடைச் சாப்பாடாகிவிட்டது. அதுதான் சபீஹ்.

நாலு பேருக்கு: பீட்டா 4, முட்டை 4, உருளைக்கிழங்கு 2, பெரிய குண்டுக் கத்திரிக்காய் 2. முட்டையையும் கிழங்கையும் வேகவைத்து வில்லைகளாக நறுக்கிக்கொள்ளுங்கள்.

இனி கத்திரிக்காய். முதல் இரண்டு முறை எனக்கு எண்ணெய் சொட்டச் சொட்டத்தான் வந்தது. கருகிவிடுமோ என்று தீயைக் குறைத்ததும், உப்புப் போட்டுப் பத்தே நிமிடத்தில் பொரித்ததும்தான் காரணம். கத்திரிக்காய்க்குள் பஞ்சு மாதிரி காற்று இருக்கிறது, அந்த இடத்தில் எண்ணெய் ஏறிக்கொள்கிறது. ஒரு செ.மீ. கனத்தில் வட்டமாக நறுக்கி, இரண்டு பக்கமும் உப்புத் தடவி முப்பது நிமிடம் வையுங்கள். தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். துணியால் அழுத்தி ஈரம் போகத் துடைப்பது முக்கியம். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும், சூடும் இறங்கிவிடும். ஒரு சின்னத் துண்டைப் போட்டதும் சுற்றிலும் நுரைத்துப் பொங்கினால்தான் எண்ணெய் தயார். ஒரு ஈட்டுக்கு நாலைந்து வில்லைதான். கரும்பழுப்பு நிறம் வரும்வரை விடுங்கள், பொன்னிறத்தில் எடுத்தால் நடுவில் சவசவ என்றிருக்கும். இதற்கு இரும்பு வாணலிதான் என் கட்சி. காய் விழுந்தாலும் சூடு அவ்வளவாக இறங்காது.

தஹினி: அரை கப் வெள்ளை எள் விழுது, எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு ஒரு பல், உப்பு. குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். முதலில் களி மாதிரி இறுகும். பயப்படாமல் இன்னும் ஊற்றினால் வெளுத்து, தோசை மாவுப் பதத்துக்கு இளகிவிடும்.

அம்பா இல்லாமல் சபீஹ் இல்லை. பம்பாயில் வணிகம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாக ஈராக் போன மாங்காய்த் தொக்கு இது. மராத்தியில் ஆம்பா என்றால் மாம்பழம். ஒரு மாங்காயை மஞ்சள்தூள், வெந்தயப்பொடி, மிளகாய்த்தூள், உப்பு, இரண்டு கரண்டி வினிகர் சேர்த்து வேகவைத்து அரைத்தால் போதும். நம் ஆவக்காயை இதற்குப் பதிலாகப் போடாதீர்கள், கடுகும் நல்லெண்ணெயும் தஹினியை அமுக்கிவிடும்.

அப்புறம் வெள்ளரி, தக்காளியைப் பொடியாக நறுக்கி, எலுமிச்சையும் உப்பும் பிசறி, கொத்தமல்லி மாதிரி இருக்கும் பார்ஸ்லி இலையைத் தூவிக்கொள்ளுங்கள். பீட்டாவுக்குள் முதலில் தஹினி, பிறகு கத்திரிக்காய், கிழங்கு, முட்டை, சாலட், மேலே அம்பா, மறுபடி தஹினி.

பின்சேர்க்கை: பீட்டா கிழிந்துபோகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஆறிய ரொட்டியைப் பிரிக்கக்கூடாது. தவாவில் வாட்டி, துணியில் ஐந்து நிமிடம் சுற்றிவைத்து, ஓரத்தில் கால்வாசி மட்டும் வெட்டித் திறந்துகொள்ளுங்கள். சாலட்டின் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் அந்த இடத்தில் ஹம்மஸ் (கொண்டைக்கடலை விழுது) தடவிக் கிழங்கைக் கூட்டிக்கொள்ளலாம்; நான் செய்து பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது.