ஏர்பேக் லைட் அணையவில்லையா? சீட்டுக்கு அடியில் பாருங்கள்

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் லைட் எரிந்து, சில விநாடிகளில் தானாக அணைய வேண்டும். அணையாமல் நின்றாலோ, வண்டி ஓடும்போது திடீரென்று எரிந்தாலோ, சிஸ்டத்தில் எங்கோ கோளாறு. "லைட்தானே, வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிடாதீர்கள். அது எரிகிற வரை, மோதினால் பை விரியும் என்று நம்பி உட்கார முடியாது. பல்பைக் கழற்றியோ, ஏர்பேக்குக்குப் பதிலாக ரெசிஸ்டர் சொருகியோ லைட்டை மட்டும் அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நம் வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கரையோரம் முழுக்க உப்புக்காற்று. உள்ளே வந்தால் வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி பக்கம் மழைத்தண்ணீர் தேங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று நமக்கே தெரியும். ஏர்பேக் வயரிங்கின் முக்கியமான இணைப்புகள் பல தரையை ஒட்டித்தான் இருக்கின்றன. அதனால் நம் ஏரியாவில் சந்தேகம் முதலில் கனெக்டர் மேல் போகட்டும், பை மேல் அல்ல.

முதல் வேலை, கோடு (code) படிப்பது, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணைப் பார்ப்பது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி (OBD) சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகுங்கள். மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். ஏர்பேக் கோடுகள் ‘பி’ (B) என்ற எழுத்தில் தொடங்கும் பாடி வகை, அவற்றைப் படிக்கும் ஸ்கேனர்தான் வேண்டும். கையில் இல்லையென்றால் பக்கத்து எலக்ட்ரீஷியனிடம் படிக்கச் சொல்லி, கோடை அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பை, எந்தப் பக்கம், ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) அதிகமா குறைவா, கோளாறு இப்போது இருக்கிறதா அல்லது பழைய பதிவா, இவ்வளவும் அதிலேயே தெரியும். ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்றால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது, அல்லது பின் கறுத்திருக்கிறது. குறைவு என்றால் வயர் நசுங்கி ஷார்ட் ஆகியிருக்கலாம், இல்லாவிட்டால் கனெக்டர் பாதி மட்டும் உட்கார்ந்திருக்கலாம். இந்தக் கனெக்டர்களில் ஒரு ஷார்ட்டிங் பட்டை உண்டு. கழற்றியவுடன் அது இரண்டு பின்னையும் சேர்த்துவிடும், கனெக்டர் முழுதாக உள்ளே போனால்தான் விலகும்.

வோல்டேஜ் குறைவு என்று கோடு வந்திருந்தால் வயரிங்கைத் தொடவே வேண்டாம், பேட்டரியைப் பாருங்கள். வண்டி அணைந்திருக்கும்போது மல்டிமீட்டரில் சுமார் 12.5, ஓடும்போது 14-ஐ ஒட்டி வர வேண்டும்.

இனி கை வைப்பதற்கு முன், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருங்கள். மோதலில் பேட்டரி துண்டானாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக ஏர்பேக் யூனிட்டுக்குள் (பையை விரிக்கச் சொல்லும் கம்ப்யூட்டர்) கெபாசிட்டரில் கரண்ட் சேமித்து வைத்திருப்பார்கள், அது இறங்க வேண்டும். அப்புறம், பையிலோ அதற்குப் போகும் இரண்டு பின்னிலோ மல்டிமீட்டரையும் டெஸ்ட் லேம்ப்பையும் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பற்றவைப்பானின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 2 ஓம்தான், சிறிய கரண்ட்டே அதற்குப் போதும்.

இப்போது முன் சீட்டை முழுதாகப் பின்னால் தள்ளி, டார்ச் அடித்து அடியில் பாருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் தெரியும். மஞ்சள் என்றாலே ஏர்பேக் சர்க்யூட். பக்கவாட்டு ஏர்பேக், பெல்ட் பக்கிள் வயர்கள் இங்கேதான் வரும். சீட் கவர் மாற்றியபோது இழுபட்டிருக்கும், பின்னால் உட்காருபவர் ஷூவால் உதைத்திருப்பார், வாக்யூம் குழாய் இடித்திருக்கும். லாக்கை விரலால் விடுவித்துக் கழற்றி, பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று இருந்தால் நல்லது. ஓரத்தில் பச்சையாகப் பொடி பூத்திருந்தால் உப்பும் ஈரமும் வேலையைக் காட்டிவிட்டன. காண்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, ‘டிக்’ என்று லாக் விழும் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பின்னின் முலாம் போய்விடும். எலி கடித்த வயர் என்றால் முறுக்கி டேப் சுற்றுவது இங்கே ஆகாது, ஹார்னஸை, அதாவது வயர் தொகுப்பையே, மாற்றத்தான் வேண்டும்.

எல்லாக் கனெக்டரையும் மாட்டிய பிறகே பேட்டரியை இணைத்து சாவி போட வேண்டும். ஒன்று கழன்றிருக்கும்போது சாவி போட்டால் புதிதாக ஒரு கோடு பதிவாகி உங்களையே குழப்பும். கோடை அழித்துவிட்டு, ஸ்கேனரில் லைவ் டேட்டா வந்தால் அதைப் பார்த்தபடி சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓம் அளவு குதித்தால் கோளாறு அங்கேதான்.

டிரைவர் பை கோடு வந்து, கூடவே ஹாரனோ ஸ்டியரிங் பட்டனோ வேலை செய்யவில்லையா? அப்படியென்றால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற வயர்ச்சுருள் அறுந்திருக்க அதிக வாய்ப்பு. அதை மாற்ற ஏர்பேக்கையே கழற்ற வேண்டும், புதியதை நடுநிலை பார்த்து மாட்ட வேண்டும். புதிதாகக் கற்பவர் செய்கிற வேலை இல்லை, விவரம் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியும் அப்படித்தான். ஏர்பேக் யூனிட் பல வண்டிகளில் கியர் பக்கத்தில், கார்பெட் மட்டத்தில் இருக்கும், தண்ணீர் ஏறியிருந்தால் அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காசு மிச்சம் என்று புதுப்பேட்டையில் பழைய ஏர்பேக்கோ பழைய யூனிட்டோ வாங்கிப் போடாதீர்கள், அது எந்த வண்டியில் எப்படி இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது.