மெம்பரா, பாராமீட்டரா?

புரோகிராம் எழுதும்போது ஒரு மதிப்பை கிளாஸுக்குள் மெம்பராக வைப்பதா, ஃபங்ஷனுக்கு பாராமீட்டராக அனுப்புவதா என்று குழப்பம் வந்தால் முதலில் அதன் ஆயுளைப் பாருங்கள். வங்கிக் கணக்கு கிளாஸில் இருப்புத் தொகை அழைப்பு முடிந்த பிறகும் இருக்க வேண்டும், அதனால் மெம்பர். எடுக்கும் தொகை அந்த அழைப்போடு சரி, அது பாராமீட்டர்தான். எல்லா ஃபங்ஷனுக்கும் ஒரே டேட்டாபேஸ் கனெக்‌ஷனை அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்களா? ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் ஒருமுறை வாங்கி மெம்பராக வைத்துவிடுங்கள்.

ஆனால் பாராமீட்டர் பட்டியல் நீளுகிறதே என்பதற்காக மட்டும் இடைக்கால மதிப்புகளை மெம்பர் ஆக்காதீர்கள்: எந்த ஃபங்ஷனை முதலில் கூப்பிட வேண்டும் என்று கோடில் எங்கும் எழுதப்படாத ஒரு வரிசை உருவாகிவிடும், அப்புறம் ஒரே ஆப்ஜெக்ட்டை இரண்டு த்ரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) தொட்டால் ஒன்று எழுதியதை மற்றொன்று அழிக்கலாம், பிழையைத் தேடியே பொழுது விடிந்துவிடும். சேர்ந்தே வரும் மதிப்புகளை ஒரு சின்ன ஸ்ட்ரக்டில் கட்டி அனுப்பலாமே. எந்த மெம்பரையும் தொடாத ஃபங்ஷனை, சி++ ஆனாலும் ஜாவா ஆனாலும், பொதுவாக ஸ்டாட்டிக் (ஆப்ஜெக்ட் இல்லாமலே கூப்பிடக்கூடியது) ஆக்கலாம்.