ஆடியவர் தவறா, கூடம் கோணலா: வீடியோ கேம் விமர்சனம் எழுதும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்பில், தாங்கள் விளையாடும் வீடியோ கேம் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். வந்த தாள்களில் பெரும்பாலானவை "கிராபிக்ஸ் அருமை, கன்ட்ரோல் மோசம், பத்துக்கு ஏழு" என்ற அளவிலேயே நின்றுவிட்டன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை அன்று பலகையில் எழுதிப்போட்டேன். மேடைக்கு மேடை தாவிச் செல்லும் பிளாட்ஃபார்ம் ஆட்டமானாலும், மூளைக்கு வேலை தரும் புதிர் ஆட்டமானாலும், தோற்றது என் கையாலா அல்லது ஆட்டத்தின் கோளாறாலா என்பதே விமர்சகர் முதலில் தீர்க்க வேண்டிய வழக்கு. சில வேளைகளில் கூடம் மெய்யாகவே கோணலாக இருக்கும். ஆனால் அதை நிறுவிக் காட்டும் பொறுப்பு எழுதுபவருடையது.

படி 1: எதில் ஆடினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், நானே இதில் சறுக்கியவன் என்பதுதான். 1990களில் இங்குப் பல வீடுகளில் இருந்தது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் செய்த அசல் ஆட்டப்பெட்டி அன்று. அந்நிறுவனம் ஜப்பானில் விற்ற ஃபேமிகாம் என்ற பெட்டியைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்தான். அதை எல்லோரும் 'டிவி கேம்' என்றே அழைத்தோம். பல ஆண்டுகள் கழித்து, அதில் அண்ணனும் நானும் மனப்பாடமாக ஆடிய ஒரு பழைய ஆட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, கண் மூடித் தாவிய பள்ளங்களில் எல்லாம் விழுந்தேன். புதிய பதிப்பில் வேகத்தைக் கூட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று நம்பிக்கையோடு எழுதியும்விட்டேன்.

உண்மை நேர்மாறானது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையைப் புதுப்பித்தது. பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைப் பின்பற்றிய தென்னாப்பிரிக்காவிலோ 50 முறைதான். ஆட்டத்தின் கணக்கு ஒவ்வொரு திரைப் புதுப்பிப்போடும் ஒரு அடி நகரும்படி எழுதப்பட்டிருந்ததால், 60க்கு எழுதிய நிரலை 50இல் ஓட்டும்போது ஓட்டம், தாவல், பாட்டு எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். சில ஆட்டங்களின் ஐரோப்பியப் பதிப்புகளில் இதைச் சரிசெய்தார்கள். பெட்டியில் செருகி ஆடும் நகல் கேட்ரிட்ஜ்களில் யார் சரிசெய்யப் போகிறார்கள்? நான் சிறுவயதில் பழகியதுதான் கோணல் கூடம்.

ஆகவே கருவி, பதிப்பு, 50ஆ 60ஆ என்ற வேகம், திரை ஆகிய நான்கையும் விமர்சனத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். தட்டையான புதிய தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றுவதற்காகச் சற்றுத் தாமதித்துக் காட்டும் என்பதால், பொத்தானை அழுத்தியதற்கும் பாத்திரம் எழும்புவதற்கும் இடையே இடைவெளி தெரிந்தால், ஆட்டத்தைக் குறை சொல்வதற்கு முன் தொலைக்காட்சியில் 'கேம் மோட்' அமைப்பைப் போட்டுப் பாருங்கள்.

படி 2: முதல் பத்து நிமிடங்களைக் கவனியுங்கள்

வழிகாட்டிக் காணொளி எதையும் பார்க்காமல் தொடங்குங்கள். 1985ஆம் ஆண்டின் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முதல் கட்டம் இதற்கு நல்ல பாடம். தொடங்கியதும் வலப்புறத்திலிருந்து ஒரு சிறு எதிரி வருகிறது. தொட்டால் சாவு, ஆனால் இழப்பது சில நொடிகள்தான். அடுத்து, கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் வெளிவரும் காளான், வலப்பக்கம் ஓடிக் குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வருகிறது. ஒரு வரி எழுத்தும் இல்லாமல் எதிரி எது, நன்மை எது என்று ஆட்டம் கற்பித்துவிடுகிறது. நீங்கள் விமர்சிக்கும் ஆட்டம் இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள்.

படி 3: தாவலைச் சோதியுங்கள்

பிளாட்ஃபார்ம் ஆட்டத்தின் உயிர் தாவலில்தான் இருக்கிறது. ஆபத்தில்லாத ஓர் இடத்தில் நின்று, பொத்தானைத் தட்டிவிட்டால் எவ்வளவு உயரம், அழுத்திப் பிடித்தால் எவ்வளவு உயரம், அந்தரத்தில் திசை திருப்ப முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாரியோ அந்தரத்தில் வளைந்து கொடுப்பான். 1986இல் வந்த காசில்வேனியாவின் நாயகன் எழும்பிவிட்டால் எழும்பிய வழியில்தான் இறங்குவான். இதைப் பிழை என்று எழுதுகிறவர்கள் உண்டு, நான் ஒப்பமாட்டேன். தாவுமுன் யோசி என்பதையே அந்த ஆட்டம் விதியாக வைத்து, எதிரிகளையும் அதற்கேற்ப நிறுத்தியிருக்கிறது.

விளிம்பையும் சோதியுங்கள். 2018இல் வெளிவந்த செலஸ்ட் ஆட்டத்தில், கால் மேடையை விட்டு விலகிய பிறகும் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி வரை தாவ அனுமதி உண்டு. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திய பொத்தானும் நினைவில் வைக்கப்பட்டு, தொட்டவுடன் செயல்படும். ஆடுபவருக்கு இந்தச் சலுகை தெரியாது. 'என் கைக்கு அடங்குகிறது' என்ற உணர்வு மட்டும் கிடைக்கும். "கன்ட்ரோல் அருமை" என்று எழுதும் பிள்ளை உண்மையில் பாராட்டுவது பெரும்பாலும் இந்தப் பத்தில் ஒரு நொடியைத்தான்.

படி 4: சாவுகளை எண்ணுங்கள்

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். அவசரப்பட்டுச் செத்தது ஒன்று. செய்ய வேண்டியது தெரிந்தும் கை தவறியது இரண்டு. முன்கூட்டி அறியவே வழியில்லாமல் செத்தது மூன்று. ஒரு மணி நேரம் ஆடிக் கோடு போட்டு வந்தால், மூன்றாம் கட்டத்தின் நீளம் கூடத்தின் கோணலைச் சொல்லிவிடும். சாவின் விலையையும் குறியுங்கள். 2010ஆம் ஆண்டின் சூப்பர் மீட் பாய் நூறு முறை கொல்லும், ஆனால் கண் இமைப்பதற்குள் நம்மை மீண்டும் களத்தில் நிறுத்திவிடும்; மூன்று உயிர் மட்டும் தந்து முதலிலிருந்து தொடங்கச் சொல்லும் பழைய ஆட்டத்தில் அதே கடினம் வேறொன்றாகிவிடும்.

படி 5: புதிரில் விதியையும் விடையையும் பிரித்தெழுதுங்கள்

புதிர் ஆட்டத்தின் விதியைச் சொல்லலாம். விடையைச் சொல்லக் கூடாது. 1982இல் ஜப்பானில் வெளிவந்த சோகோபானின் விதி ஒரே வரி: பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. மூலையில் சிக்கிய பெட்டி சிக்கியதுதான். ஆடு புலி ஆட்டம் போலவே, விதி சுருங்கச் சுருங்கப் பழி நம் மேல் விழுகிறது. 2019இன் பாபா இஸ் யூ, அந்த விதிகளையே தள்ளக்கூடிய சொற்களாகத் தரையில் போட்டுவிட்டது. அதில் ஒரு கட்டத்தின் விடையை வெளியிடுவது வாசகரின் பணத்தைத் திருடுவதற்குச் சமம்.

தற்செயல் கலந்த புதிரில் கூடுதல் கவனம் வேண்டும். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்கும் டெட்ரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் நின்டெண்டோ வெளியிட்ட பதிப்பில் நீளக் கட்டை எத்தனை நேரம் வராமல் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இன்றைய டெட்ரிஸ் பதிப்புகளில் ஏழு வடிவங்களையும் ஒரு பையில் குலுக்கி எடுப்பதுபோல் தருவதால், இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவே 12 கட்டைகளுக்கு மேல் வராது. இரண்டையும் 'டெட்ரிஸ்' என்ற ஒரே பெயரில் மதிப்பிடுவது முறையாகாது.

பயிற்சிக்கு நம் நாட்டு ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க்கின் நியாமகோப் குழு 2018இல் வெளியிட்ட செம்ப்ளன்ஸ், தாவலும் புதிரும் கலந்தது. அதில் தரை சப்பாத்தி மாவுபோல் அமுங்கும். முட்டியும் குத்தியும் மேடையின் வடிவத்தை மாற்றித்தான் வழி உண்டாக்க வேண்டும். கூடத்தைக் கோணலாக்குவதே ஆட்டம் என்பதால், என் மாணவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

படி 6: எழுதித் திருத்துங்கள்

எத்தனை மணி நேரம் ஆடினீர்கள், எத்தனை ராண்ட் கொடுத்தீர்கள், முடித்தீர்களா இல்லையா என்பதை மறைக்காதீர்கள். பழைய ஆட்டத்துக்கு ஒரு வரி அது வந்த காலத்தைப் பற்றியும், ஒரு வரி இன்று புதிதாக ஆடுபவருக்கு எப்படி இருக்கும் என்பதைப் பற்றியும் தனித்தனியாக எழுதுங்கள். மதிப்பெண் கட்டாயமில்லை, நான் போடச் சொல்வதில்லை. கடைசியாக, காரணம் சொல்லாத ஒவ்வொரு தீர்ப்பையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். முதலில் "கன்ட்ரோல் மோசம்" என்று எழுதிய ஒரு மாணவி, தாளில் கோடு போட்டு ஆடிய பிறகு இப்படித் திருத்திக் கொண்டுவந்தாள்: "நான் ஒரு மணி நேரத்தில் 31 முறை செத்தேன், அதில் 22 முறை, கீழே முள் இருப்பது திரையில் தெரியாத இடத்தில் குதிக்கச் சொன்னதால்."