முதல் ரவுண்டிலேயே பெரிய ஆள் வந்தால்

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை செஸ் ரேப்பிட் போட்டி (குறைந்த நேரத்தில் ஆடும் வேக ஆட்டம்) என்றால் அம்பாசமுத்திரம், தென்காசி பக்கத்துப் பிள்ளைகள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடுவார்கள். ஜோடிப் பட்டியல் ஒட்டியதும் பாதிப் பேருக்கு முகம் வாடும். "அண்ணாச்சி, எனக்கு 1850 ரேட்டிங் ஆள் விழுந்திருக்கு, போச்சு!" இதில் சதி ஒன்றும் இல்லை. யாரையும் வெளியேற்றாமல் எல்லோரும் எல்லா ரவுண்டும் ஆடும் சுவிஸ் முறையில், ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) வரிசையின் மேல் பாதியைக் கீழ்ப் பாதியோடு மோதவிடுவதுதான் முதல் ரவுண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 1450, எதிரி 1850. ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) ரேப்பிட் ரேட்டிங்கில் தோற்றால் உங்களுக்குக் குறைவது 1.6 புள்ளிதான், டிரா செய்தால் 8.4 கூடும். பயப்பட வேண்டியது யார்?

பயந்தவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. ராணியை வெட்டி, யானையை வெட்டி, பலகையைக் காலி செய்தால் டிரா என்று நம்புவது. நானும் பல வருஷம் இப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் பெரிய ஆளுக்கும் நமக்கும் தூரம் அதிகம் தெரிவது முடிவாட்டத்தில்தான். வெள்ளை ராஜா இ5 கட்டத்தில், வெள்ளைச் சிப்பாய் இ4-இல், கறுப்பு ராஜா இ7-இல் என்று மூன்றே காய்கள். வெள்ளை நகர்த்த வேண்டியிருந்தால் டிரா, கறுப்பு நகர்த்த வேண்டியிருந்தால் கறுப்புக்குத் தோல்வி. ராஜாக்கள் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்க, நகர்த்த வேண்டியவர் வழிவிட நேரும் ஆப்போசிஷன் என்கிற இந்தச் சங்கதி அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். நமக்கோ கடிகாரத்தில் நாற்பது விநாடி இருக்கும்போதுதான் ஞாபகம் வரும். அதனால் காய்களைப் பலகையில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலான இடத்தில் அவரும் மனுஷர்தான், குதிரையைக் கோட்டை விடுவார்.

அப்புறம் வேகம். அவர் டக்டக்கென்று ஆடுகிறாரே என்று நாமும் ஆடுவது. அவருக்கு அது பழகிய தொடக்கம், நமக்கு முதல் முறை. மூன்று நிமிஷம் யோசித்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நாலு தரம் டிரா கேட்பதையும் விடுங்கள். காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அழுத்துமுன் ஒரு தரம் கேட்கலாம். திரும்பத் திரும்பக் கேட்டால் நடுவர் வந்து நிற்பார்.

பெரிய ஆளின் தவறு வேறு மாதிரி. சின்னப் பையன்தானே என்று டிராவான நிலையை வலிந்து இழுத்து, கடைசியில் தோற்பார். பத்து வயதுப் பையனிடம் தோற்றுவிட்டு வாசலில் அரை மணி நேரம் பேசாமல் நின்றவரை நான் பார்த்திருக்கிறேன். சரி, அது நான்தான்.